அடைத்த ஓட்டை

மருத்துவமனை மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து ஓட்டும் கன்டெய்னர் என்ற கணினித் தளத்தில், யாரோ எப்போதோ எழுதிச் சேர்த்த குட்டி நிரலொன்றில், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய ஓர் ஓட்டை இருந்தது. ஒரு வாரமாக யாரோ அதன் வழியாக வந்துபோவதைக் கவனித்த ஃபர்சானா காலையில்தான் அதை அடைத்தாள். மதியம் சக ஊழியர் ஜெபராஜ் வந்து நின்றார்.

"என்னம்மா, அடைச்சிட்டியா? பாஸ்வேர்டு மறந்ததிலேர்ந்து நான் அந்த வழியாத்தான் உள்ள போய் வேலை பாக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாகத் தேடிய திருடன் இவர்தானா. புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தாள். இருவரும் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் திரையில் ஒரு வரி முளைத்தது. அடைத்த இடம் வழியாக யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள். ஜெபராஜின் இரண்டு கைகளும் டீ கிளாஸைப் பிடித்திருந்தன. மறுபடி ஒரு வரி. இன்னொன்று.

"யாரும்மா அது?"

"தெரியலண்ணே," என்று ஃபர்சானா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "தட்டட்டும்."