எட்டாவது புளியங்கொட்டை

கிட்ட வாங்க தாயிகளா, கதை ஒன்று சொல்கிறேன். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். தேவாரம் ஊர் மலையடியில், சோளக்காட்டுப் பரண்மேல் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருக்கிறார்கள். கதிர்மேல் மஞ்சள் வெயில். அக்காள் மதலேனாள் நாளைக்கு மதுரைக்கு வண்டி ஏறுகிறாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேர, அந்த அம்மாமார் முன்னே ஒரே பொருள் தரும் சொற்களை ஒப்பிக்க வேண்டும். பள்ளிக்கு வீட்டுக்கு ஒரு பெண்தான் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டாக. தங்கை இருதயம்மாள் இங்கேயே கிளி விரட்ட வேண்டியதுதான். ‘பேசு’ என்பதற்கு எட்டுச் சொல்; சொல்லுக்கு ஒரு புளியங்கொட்டை. “கூறு, உரை, மொழி, செப்பு, இயம்பு, விளம்பு, பகர்...” அக்காள் சொல்லச் சொல்ல, கொட்டைகள் ஒவ்வொன்றாகச் சிரட்டையில் விழுகின்றன. அக்காளின் புதுச்சேலைக் கஞ்சி மணம் தங்கையின் மூக்கில் ஏறுகிறது. அடுத்ததை யோசிக்க அக்காள் கண்ணை மூடுகிறாள். மிச்சமிருந்த ஒற்றைக் கொட்டை இருதயம்மாளின் கடைவாய்க்குள் போய்விடுகிறது. அக்காள் கண்ணைத் திறக்கிறாள். “கொட்டை தீந்துபோச்சே! எட்டுன்னுல்ல நெனச்சேன்? நீ சொல்லு புள்ள, எனக்கு முந்தி நீதான மனப்பாடம் பண்ணுன.” நவில் என்ற சொல் தங்கையின் நாக்கு நுனியில் நிற்கிறது, வாயைத் திறந்தால் கொட்டை விழுந்துவிடும். “ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?” இல்லையென்று தலையாட்டுகிறாள். “அப்ப ஏழுதான் போல” என்று அக்காள் முதலிலிருந்து தொடங்குகிறாள். கொட்டையில் ஒட்டியிருந்த புளிப்பு கரையக் கரைய, இருதயம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது. கிளிகள் கதிரில் இறங்குகின்றன. விரட்ட அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உங்கள் வீட்டில், தாயிகளா, ஒரு பிள்ளைக்கு ஏற்றுகிற விளக்கு மற்ற பிள்ளையின் முகத்திலும் விழட்டும்.