சுண்டுவிரலுக்கு இடம்

உக்கடத்திலிருந்து பெருந்துறைக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறவர் சத்தியசீலன். போன வருடம் லேத்தில் வலது சுண்டுவிரலைப் பறிகொடுத்த பிறகு, ஆக்சிலேட்டரை வெகுநேரம் முறுக்கிப் பிடித்தால் கை கடுத்தது.

மெக்கானிக் ஜபருல்லா, முறுக்கிய ஆக்சிலேட்டரை அப்படியே நிறுத்தி வைக்கும் லாக்குகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உள்பக்கம் பொருத்திக் கட்டைவிரலால் தட்டுவது. மற்றது கைப்பிடியின் வெளிநுனியில் முடுக்கும் வளையம்.

"வளையமே போடுங்க. அந்த எடம் எனக்குச் சும்மாதானுங்களே கெடக்குது," என்று சிரித்தார் சத்தியசீலன்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார்.

"ஏனுங்க, இதைக் கழட்டிப்போட்டு அந்தக் கட்டைவிரல் லாக்கையே மாட்டிருங்க. சுண்டுவிரலுக்கு எடம் பத்தலைங்க."

ஜபருல்லா அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரலை விட்டால் மூன்று விரல்கள்தான். சத்தியசீலன் முகத்தில் விளையாட்டு இல்லை. நிம்மதியாக நிற்கிற மனிதரிடம் விரல் இல்லாததை எப்படி எடுத்துச் சொல்வது?

"செரிங்க," என்றார்.

வளையத்தைக் கழற்றி மற்றதைப் பொருத்தினார். ரப்பர் வழுக்கி ஏறுவதற்காகத் தூவிய பவுடர் கைப்பிடி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது.

"புடிச்சுப் பாருங்க."

சத்தியசீலன் முறுக்கிப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க கை நெறைஞ்சிருக்குது," என்று கையை எடுத்தார்.

பவுடரில், கட்டைவிரல் நீங்கலாக, நான்கு விரல்களும் வரிசையாகப் பதிந்திருந்தன.