பதினாறு சொற்கள்

“வலை, பொறி, தூண்டில், கண்ணி. நாலும் பிடிக்கிற சாமான். அமத்துங்கோ தம்பி!”

றிபாஸ் தயங்கினான். “பொறி எண்டா நெருப்புப்பொறியாவும் இருக்கலாமே அக்கா?”

“நெருப்புக்கு வேற நாலு சொல்லு கிடக்கு. பயப்பிடாமல் அமத்துங்கோ.”

அவன் கைபேசித் திரையில் அமத்தினான். நான்கு கட்டங்களும் பச்சையாயின.

புதுக்குடியிருப்பில் அந்தத் தனியார் கல்வி நிலைய வாசலில் பின்னேரங்களில் நடப்பது இதுதான். மகள் பஸ்னாவைக் கூட்டிப்போக வரும் றிபாஸ், கைபேசியில் அன்றைய புதிரைத் திறப்பான். கலைந்து கிடக்கும் பதினாறு சொற்களை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். அவன் இரண்டு தரம் வாசிப்பான். மகள் கஜனிக்காகக் காத்திருக்கும் இலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவள் பிழை விட்டதில்லை.

தன் மகனைக் கூட்டிப்போக வந்து பக்கத்தில் நின்ற ராஜினி ரீச்சர் ஒருநாள் கேட்டேவிட்டா. “நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறீங்கள்?”

“நான் கச்சான் தோட்டம் செய்யிறன் ரீச்சர்” என்றாள் இலட்சுமி. ரீச்சர் நம்பவில்லை.

ஆண்டு விழாவுக்குப் பெற்றோருக்கென்று அதே மாதிரி ஒரு போட்டியை அறிவித்தார் நிலையப் பொறுப்பாளர் பிரசாந்தன். இருவர் சேர்ந்து ஒரு சோடி. முதலில் சரியாக முடிக்கும் சோடியின் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் இங்கிலீசு வகுப்பு இலவசம்.

கஜனி இங்கிலீசு வகுப்பை நிறுத்தி ஐந்து மாதமாகியிருந்தது. தோட்டம் மழையில் அழிந்த பிறகு கணக்குப் பாடத்துக்கு மட்டும்தான் அவளால் வர முடிந்தது.

“தம்பி, எங்கடை பேரைக் குடுங்கோ. வெல்லுறம்” என்றாள் இலட்சுமி.

“ராஜினி ரீச்சரும் நிக்கிறா அக்கா. தமிழ் படிப்பிக்கிறவா.”

“நிக்கட்டும். இரண்டாம் பரிசு வாங்க ஆள் வேணும்தானே.”

விழாவன்று எட்டுச் சோடிகளுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். றிபாஸ் குனிந்து இலட்சுமியின் காதோடு வாசித்தான். அடுத்த மேசையிலிருந்த ராஜினி ரீச்சர் நிமிர்ந்து பார்த்தா.

“ஏன் வாசிக்கிறியள்? ரெண்டு பேரும் தாளைப் பாருங்கோவன்.”

“கேட்டாத்தான் ரீச்சர் எனக்கு மூளை ஓடும்” என்றாள் இலட்சுமி, கண்ணைத் திறக்காமலே.

பிட்டு, தோசை, அப்பம், இடியப்பம் உடனே சேர்ந்தன. தூறல், சாரல் என்று மழைச் சொற்கள் நான்கும் சேர்ந்தன. மிச்சம் எட்டு. எட்டும் மரம்! மா, தேக்கு, புளி, முதிரை, ஈச்சை, கருங்காலி, பூவரசு, மலைவேம்பு.

றிபாஸ் பேனையைத் தாளில் வைத்தான். “பழ மரம் நாலு, மற்றது நாலாக்கும் அக்கா. எழுதட்டே?”

“பொறுங்கோ. பழ மரம் மூண்டுதான் கிடக்கு. பூவரசம் பழத்தை ஆர் தின்னுறது?”

அவள் உதடு மெல்ல அசைந்தது. அடுத்த மேசையில் ரீச்சர் எதையோ எழுதி, வெட்டி, திரும்ப எழுதினா.

“எழுதுங்கோ” என்றாள் இலட்சுமி. “மா, புளி, ஈச்சை, பூவரசு. பின்னால குளத்தைப் போட்டுப் பாருங்கோ. மாங்குளம், புளியங்குளம், ஈச்சங்குளம், பூவரசங்குளம். எல்லாம் எங்கடை ஊருகள். மற்ற நாலும் கதிரை, மேசை செய்யிற மரம்.”

றிபாஸ் எழுதிக்கொண்டு முன்னால் ஓடினான். தாளைப் பார்த்த பிரசாந்தன் ஒலிவாங்கியை எடுத்தார். “முதலாம் இடம், இலட்சுமி - றிபாஸ் சோடி!”

கைதட்டல் ஓயவே இல்லை. பஸ்னாவும் கஜனியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ராஜினி ரீச்சர் எழும்பி வந்து இலட்சுமியின் கையைப் பிடித்தா.

“இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. எவ்வளவு புத்தகம் வாசிச்சிருப்பியள்?”

இலட்சுமி சிரித்தாள். அதற்குள் பிரசாந்தன் கஜனியின் அனுமதிப் படிவத்தை மேசையில் விரித்துப் பேனையை நீட்டினார். “அம்மா, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.”

இலட்சுமி பேனையை வாங்கவில்லை. நிமிர்ந்து நின்று, இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

“மை இருந்தாத் தாங்கோ தம்பி. சின்ன வயசில சண்டைக்குப் பயந்து ஊர் ஊரா ஓடினதில எனக்கு ‘ஆனா’ எழுதக்கூடப் படிக்கக் கிடைக்கேல்லை.”