ஜன்னலோரக் கறை

“சார், இத்த கழுவாம மேல அடிச்சா பெயின்ட் நிக்காது. உரிஞ்சிகினு வந்துரும்” என்றார் பெயின்டர் பச்சையப்பன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஹால் ஜன்னலோரச் சுவரில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிரைமராம்.

“யாரோட தலை இது?” என்றான் ஜெகதீஷ். அவனுக்குச் சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் சோறு இறங்காது.

அவன் மனைவி சுரேகா சட்டென்று கறையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமியார் கண்ணம்மா. இன்னொருவர் அவளுடைய அப்பா.

அம்மா போன பிறகு, அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி இங்கே அழைத்து வந்திருந்தாள். ஆறடி மனிதர், மகள் வீட்டில் சாப்பிடக் கூசிக் கூசிக் குறுகிப் போயிருந்தார். மாப்பிள்ளை முகம் சுளித்தால் போதும், அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார். நல்லவேளை, காய் வாங்கக் கரையான்சாவடிக்குப் போயிருந்தார்.

“நான்தான்டா” என்றார் கண்ணம்மா. “அங்க சாஞ்சி நின்னுதான் ரோட்ட பாத்துகினு இருப்பேன்.”

சுரேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயும் நீண்டது.

“நானும் எவ்வளவோ சொல்லிட்டேங்க. அத்தை கேட்டாத்தானே?”

ஜெகதீஷ் அதையே பிடித்துக்கொண்டான். “ஏம்மா, புதுசா அடிச்ச பிறகும் இதே வேலைதானா? இனிமே நீ ஜன்னல் பக்கமே போகக் கூடாது.”

“போவல.”

பச்சையப்பன் சுவரைப் பார்த்தார். கண்ணம்மாவைப் பார்த்தார். “சார், இது வந்து அம்மாவோட...”

“நீ போயி கிச்சன் செவுத்த சுரண்டு நைனா. என் கறைய நான் கழுவிக்கிறேன்.”

ஜெகதீஷ் முணுமுணுத்துக்கொண்டே ஆபீஸுக்குக் கிளம்பினான். சுரேகா வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து, நியாயம் தன் பக்கம் இருக்கிற தைரியத்தில், டொக்கென்று வைத்தாள்.

கண்ணம்மாவுக்குத் தோள்வலி, கையைத் தூக்க முடியாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறி நின்ற பிறகுதான் அவர் தலையும் கறையும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

சுரேகா பார்த்தபடியே நின்றாள்.

“இன்னா மலைச்சிப்போயி நிக்கிற? ஸ்டூல கெட்டியா புடிம்மா. உங்கப்பா வர்றதுக்குள்ள இத்த முடிச்சிரணும்.”