பெயர் இல்லாத பட்டன்

சகாயமேரி லேப்டாப்பின் திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டுத்தான் இணையதளச் சோதனையைத் தொடங்கினாள். பார்வையற்ற தனக்கு வெளிச்சம் எதற்கு, பேட்டரிதான் வீண் என்பாள். பொது சுகாதாரத் துறைக்காக அந்த இணையதளத்தை உருவாக்கிய இளம்பரிதி அருகில் அமர்ந்திருந்தான். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் தகரத்தில் விழும் மழைபோல் வேகமாகக் கொட்டியது. அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளோ விசைகளைத் தட்டித் தட்டி, புறநோயாளிப் பிரிவு, தடுப்பூசி, ரத்த வங்கி என்று அவன் கட்டியதையெல்லாம் அந்த இருட்டுக்குள் சுற்றிவந்தாள். அவன் மூச்சுவிட மறந்து பார்த்திருந்தான். சட்டென்று அவள் விரல் நின்றது.

“இங்க வெறும் பட்டன்னு மட்டும் சொல்லுது சார். இது என்னது?”

அது ஆம்புலன்ஸை அழைக்கும் பட்டன். எழுத்தறியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, எழுத்தே இல்லாமல், ஒரு வண்டியாக அவன் ஆசையாக வரைந்தது.

“பேரில்லாததை நான் அமுக்க மாட்டேன் சார். தாண்டிப் போயிருவேன்.”

அவன் தன் கணினியில் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தான். பார்வைக்கு எதுவும் மாறவில்லை. வண்டி அப்படியே நின்றது. அவள் மறுபடி தளத்துக்குள் போனாள். அதே இடத்துக்கு வந்ததும், அவனுக்காகக் குரலை மெதுவாக்கினாள்.

“ஆம்புலன்ஸ்” என்றது இருட்டு.

“வந்திருச்சு சார்.”

இளம்பரிதி தன்னையறியாமல், வழிவிடுவதுபோல் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.