ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே

நாற்பத்தேழு வயதில்தான் கோமளா தனியாக மலையேறப் பழகினாள். முதல் வாரம் பாதி வழியிலேயே பயந்து திரும்பினாள். மூன்றாவது மாதம் உச்சி வரைக்கும் போய்விட்டாள். ஆனால் மலேசியாவின் கிள்ளான் நகருக்கு வெளியே இருந்த அந்தக் காட்டு வாசலில் காவலர் பக்கிரிசாமி ஒவ்வொரு ஞாயிறும் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே ‘2 பேர்’ என்றே எழுதினார்.

இந்த ஞாயிறு அவளால் பொறுக்க முடியவில்லை.

“அங்கிள், நான் ஒரு ஆள்தான். தனியா வரதுக்கு எவ்வளவு பயத்த முழுங்கியிருக்கேன் தெரியுமா? கூட யார சேக்கிறீங்க?”

“பாத்ததத்தான் எழுதுறேன்மா.”

“பொம்பள தனியா வந்தா உங்க கண்ணுக்குத் தெரியாதா?”

பேனாவைப் பிடுங்கி, புத்தகத்தில் இருந்த ‘2’ஐக் கோடு போட்டு அடித்தாள். ஒன்று என்று அழுத்தி எழுதிவிட்டு ஏறினாள்.

பதினொரு மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தபோது இறங்கினாள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது.

“அங்கிள், கதவத் தொறங்க!”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். “ஒருத்தர்னு நீங்கதானே எழுதுனீங்க. அந்த ஒருத்தர் இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போனாங்க. உள்ள இனி ஆள் இல்லலா.”

கம்பி வழியாகப் புத்தகத்தைக் காட்டினார். அவளுடைய கையெழுத்தேதான்.

“அப்ப நான் யாரு?” கோமளா கதவை உலுக்கினாள்.

வெளியே அவளுடைய வெள்ளைக் கார் நிறுத்திய இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து, நிதானமாகச் சாலைப் பக்கம் திரும்பியது. பக்கிரிசாமி அதற்குக் கையசைத்தார்.

கார் சாவி கோமளாவின் கையில் இருந்தது.