முதல் ரசிகன்

வீட்டுக்காரனின் முதுகில் கிட்டார் விழுந்து இரண்டாகப் பிளந்தபோது கம்பெனி அதிகாரி கைதட்டினாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மேடையில் பாடிக்கொண்டே கிட்டாரை உடைப்பதுதான் அடித்த பாடகனின் அடையாளம். அதைப் பார்க்கவே ஒரு காலத்தில் கூட்டம் முண்டியடித்தது. 'இடி' என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்தக் கூட்டம்தான்.

"கேமராவ ஓட விடுங்க," என்று அவள் கிசுகிசுத்தாள். "மனுஷன் பிச்சு உதறுறார்."

உடைந்த கிட்டாரின் கழுத்து மட்டும் இடியின் கையில் மிச்சமிருந்தது. கம்பிகள் தொங்கின. அதை ஓங்கி மறுபடி வீசினான். வீட்டுக்காரனின் புருவம் கிழிந்து சோபாவின் புது உறையில் ரத்தம் தெறித்தது.

கைதட்டல் அப்போதுதான் நின்றது.

"சார்... நான் உங்க ரசிகன் சார்," என்றான் வீட்டுக்காரன், தரையில் தவழ்ந்துகொண்டே.

அதைக் கேட்டதும் இடிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நிதானமும் போய்விட்டது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். மாட்டியிருந்த குடும்பப் படம் விழுந்து நொறுங்கியது. மைக் பிடித்தவனும் கேமராக்காரனும் ஆளுக்கொரு கையைப் பற்றி இழுத்தார்கள். கையை விடாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. உதைத்தான். தலை நரைத்தவனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வந்தது என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ஆத்திரம் பாதிதான், மீதி அவமானம்.

வீட்டுக்காரனின் மனைவி தடுக்க வரவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. ரசிகன்தான். கம்பெனியே கண்டுபிடித்துச் சொன்ன ரசிகன்.

அது போன் விற்கிற கம்பெனி. போன் விற்று அலுத்துவிட்டதோ என்னவோ, இப்போது பாட்டு விற்க வந்திருந்தது. செயலி ஒன்றை விட்டு, ஊரில் உள்ள பழைய பாட்டுகளையெல்லாம் வாங்கிப் போட்டு, சொந்தமாக ஆல்பம் போடவும் கிளம்பிவிட்டது. எந்த வீட்டில், எந்தப் பாட்டை, எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இடியின் பாட்டுகள் அந்தச் செயலியில் சீந்துவாரில்லாமல் கிடந்தன. ஒரே ஒரு பாட்டைத் தவிர. அதுவும் ஒரே ஒரு வீட்டில்.

டிரம்ஸும் கிட்டாரும் அலறலுமாகக் காதைக் கிழிக்கிற பாட்டு அது. இது ஓடும்போது வீட்டில் வேறு சத்தமே கேட்கக் கூடாது என்று அந்த நாளில் பேட்டியெல்லாம் கொடுத்திருந்தான். அந்த வீட்டில் அதை வாரம் தவறாமல், சில வாரம் தினமும், முழுச் சத்தத்தில் போட்டார்கள். நடுவில் நிறுத்தியதே இல்லை.

கம்பெனிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். முதல் ரசிகனின் வீட்டுக்கே போய் இடி பாட வேண்டும், அதை விளம்பரமாக எடுக்க வேண்டும். படம் நன்றாக வந்தால் கம்பெனியின் முதல் ஆல்பம் இடிக்கு. கடைத் திறப்பு விழாவுக்குக்கூடக் கூப்பிட ஆளில்லாமல் இருந்தவனுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

ஆனால் அவனை உலுக்கியது ஆல்பம் அல்ல. தன் பாட்டை விடாமல் கேட்கிற வீடு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அன்று, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான்.

கிட்டார் உடைவதற்குக் கொஞ்சம் முன்புவரை வீட்டுக்காரன் தங்கமான மனிதனாகத்தான் தெரிந்தான். எல்லோருக்கும் தன் கையாலேயே காப்பி கொடுத்தான். பாட்டை வரிக்கு வரி ஒப்பித்தான். மனைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி பின்னால் நின்றாள். மகளும் சின்ன மகனும் சோபாவில் இடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சின்னவன் கிட்டார் கம்பியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான்.

ஸ்பீக்கரில் டிரம்ஸ் அதிர்ந்தது. இடி எழுந்து பாட ஆரம்பித்தான்.

மகள் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். தெருச் சத்தம் பதிவில் விழாமலிருக்கத்தான் என்று நினைத்து, சமர்த்து என்பதுபோல் மைக் பிடித்தவன் தலையாட்டினான்.

மனைவி கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ஃபிரிட்ஜுக்கு மேலே கை எட்டாத மூலையில் தள்ளி வைத்தாள். படத்தில் அழகாகத் தெரிய வேண்டாமா என்று இடி நினைத்துக்கொண்டான்.

மகள் தம்பியின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனாள். இரண்டும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டன.

"புது ஆளுங்கன்னா கூச்சம்," என்று கத்திச் சொல்லிவிட்டு வீட்டுக்காரன் சிரித்தான்.

குழந்தைகள் இல்லாமல் விளம்பரம் எடுபடாது. அதிகாரி கையைத் தூக்கினாள். பாட்டு நின்றது.

இடி கிட்டாரைக் கழற்றாமலே அறைக்குள் போனான். பிள்ளைகளைக் கொஞ்சி அழைத்து வரலாம் என்று கட்டிலருகே குனிந்தான். சின்னவன் அவனைப் பார்த்துச் சிரித்தபடி வெளியே ஊர்ந்து வரப் பார்த்தான்.

அக்கா அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"போகாதடா. இன்னும் பாதிப் பாட்டு இருக்கு. முடிஞ்சதும் அம்மாவே வந்து கூப்பிடுவாங்க."